அக்காவுக்கு ஆகும்

கடைக்குள் நுழைந்து இடது பக்கம் திரும்பினால் ஃப்ரிட்ஜ்கள், அவற்றைத் தாண்டினால் வாஷிங் மெஷின்கள். கடைசிச் சுவரில் வரிசையாகத் தொங்குவதெல்லாம் வாட்டர் ஹீட்டர்கள். அந்தச் சுவருக்குப் பொறுப்பானவரை உடன் வேலை செய்கிறவர்கள் 'வெந்நீர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார். குளிர்காலத்தில் கடைக்கே சோறு போடுவது இந்த வெந்நீர்தான் என்று பதிலுக்குச் சொல்லிச் சிரிப்பார். அது உண்மையும்கூட. குளிர் ஆரம்பித்துவிட்டால் மற்ற பக்கமெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்போது அவருடைய சுவருக்கு முன்னால் மட்டும் கூட்டம் நிற்கும்.

விற்பது மட்டும் அவருக்குப் போதாது. வாங்கினவர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் நிறுத்திவைத்து நாலு வார்த்தை சொல்லித்தான் அனுப்புவார். எர்த் ஒயர் வராத இடத்தில் ஹீட்டரை மாட்டக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகுதான் குழாயில் கை வைக்க வேண்டும். தொட்டி துருப்பிடித்த பழையதை, இன்னும் ஓடுகிறதே என்று வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. "தண்ணியும் கரண்டும் ஒரே பெட்டிக்குள்ள குடியிருக்கு சார், நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்று முடிப்பார். கேட்டுக் கேட்டு, பில் போடுகிற பெண்ணுக்கே அது மனப்பாடம்.

வீட்டில் அவருக்கு வேறு பெயர். அங்கே அவர் தம்பி. அக்கா ஒரு நாளைக்கு நூறு தடவை தம்பி, தம்பி என்று கூப்பிட்டதில் அக்கம்பக்கத்துக்காரர்களுக்கும் அவர் தம்பியாகிவிட்டார். தலை பாதி நரைத்து, முன்வயிறு தள்ளிய மனிதரைத் தம்பி என்பது வேடிக்கைதான். நாமும் அப்படியே அழைப்போம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா போனபோது அவள் பாவாடை தாவணிப் பெண், தம்பி பள்ளிக்கூடத்துப் பையன். சட்டை தைக்கும் கம்பெனியில் பொத்தான் கட்டப் போனவள், தம்பி படித்து முடிக்கட்டும் என்றாள், வேலைக்குப் போகட்டும் என்றாள். அதற்குள் அவளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். இரவுப் பாடத்தில் தம்பி தூங்கி விழுந்தால் தொடையில் சுருக்கென்று ஒரு கிள்ளு கிள்ளுவாள். அந்தக் கிள்ளில்தான் அவர் படித்தார், அந்தக் கிள்ளில்தான் மனிதரானார். தம்பிக்குக் கல்யாணமாகி, வீடு கட்டி, மகள் பிறந்த பிறகு, அக்கா பின்பக்கத்து அறையில் வந்து அமர்ந்தாள்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு பொருள் பழசானால், தூக்கிப் போடுவதற்கு முன் யாராவது ஒருவர் சொல்வார், "அக்காவுக்கு ஆகும்." கை உடைந்த நாற்காலி அக்காவுக்கு ஆயிற்று. கரகரவென்று சத்தம் போடுகிற மின்விசிறி ஆயிற்று. பஞ்சு கட்டிதட்டின தலையணை, மூடி தொலைந்த பிளாஸ்க், ரசம் போன கண்ணாடி எல்லாமே ஆயின. மகள் வளர்ந்து அவளும் இந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயில் அது அத்தைக்கு ஆகும் என்று வந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இதில் கொடுமையே அதுதான். எல்லோரும் அக்காவுக்கு ஏதோ கொடுத்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவும் ஒன்றையும் வேண்டாம் என்று தள்ளியதில்லை. வருகிற பொருளைத் துடைத்து, ஆட்டம் காண்கிற இடத்தில் அட்டையைச் செருகி, ஒரு மூலையில் வைத்து அழகு பார்ப்பாள். கம்பெனியில் இத்தனை வருடம் அறுந்த பொத்தானை மறுபடி கட்டியவளுக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் மகள் குளித்துக்கொண்டிருந்தவள் அலறிக்கொண்டு வெளியே வந்தாள். குழாயைத் தொட்டதும் சுருக்கென்றதாம். தம்பிக்கு உயிரே போய்விட்டது. அன்றைக்கே அந்தக் குளியலறையைப் பூட்டினார். மறுநாளே கடையிலிருந்து புது ஹீட்டர் வந்து இறங்கியது. இருப்பதிலேயே நல்லது, உத்தரவாதம் அதிகம் உள்ளது.

பழசைக் கடையில் கொடுத்தால் விலையில் தள்ளிக்கொள்வார்களே என்று மனைவி கேட்டாள். தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்மூடியில் பெயின்ட் உதிர்ந்திருந்ததே தவிர, பார்வைக்கு ஒன்றும் மோசமில்லை. அக்கா அடுப்பில் குண்டானை வைத்துத் தண்ணீர் சுடவைத்து, மூச்சு வாங்கக் கொல்லைப்புறம்வரை தூக்கிப்போவதை அவர் தினம் பார்க்கிறார். பார்த்துப் பார்த்து மனசுக்குள் ஒரு முள் இருந்தது. இது அதற்கு நல்ல வழியாகப் பட்டது.

"அக்காவுக்கு ஆகும்" என்றார்.

ஃபிட்டர் வந்தான். உள்ளே ஒரு ஒயர் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினான். பின்பக்கத்துக் குளியலறைக்கு எர்த் வரவில்லை என்றும், சுவரைக் கொத்தி ஒயர் இழுத்தால்தான் ஆகும் என்றும் சொன்னான். அவன் சொல்லித்தான் தம்பிக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தச் சுவருக்கு அப்போதுதான் பெயின்ட் அடித்திருந்தது. குளிர் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அக்கா ஒருத்திதானே, ஒரு வாளி பிடிப்பாள், அவ்வளவுதானே என்றும் சொன்னார்.

அக்காவுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. தம்பி எனக்கென்று ஹீட்டர் போட்டுக்கொடுத்தான் என்று மதில் சுவருக்கு மேல் எட்டி எட்டிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். அடுப்படியில் குண்டான் கவிழ்ந்து கிடந்தது. அக்கா தனக்கு மட்டுமா வெந்நீர் பிடித்தாள்? தம்பி கடைக்குப் போட்டுப்போகிற நீலச் சட்டையையும் அதிலேயே ஊறவைத்துத் துவைத்தாள். சூட்டில்தான் காலர் அழுக்குப் போகும் என்பாள்.

ஒரு நாள் காலையில் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா மெதுவாக வந்து நின்றாள். அவளுக்கு எதையும் குறையாகச் சொல்லத் தெரியாது. ஏதோ வேடிக்கை சொல்கிறவள் மாதிரி சொன்னாள்.

"தம்பி, அந்தத் தண்ணி கிள்ளுதுடா."

மகளும் மனைவியும் அங்கேதான் இருந்தார்கள். தம்பி தலையை நிமிர்த்திச் சிரித்தார்.

"கிள்ளட்டும்க்கா. நீ என்னை எவ்ளோ கிள்ளியிருக்க. இப்ப உன் முறை."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்குத்தான் சிரிப்பு அதிகம், கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பின்பக்கத்துக் குளியலறைக்குக் 'கிள்ளுற தண்ணி' என்றே பெயர் வந்தது. மகளுக்கு ஒரே ஒரு தடவை சுருக்கென்றதற்குப் புது ஹீட்டர் வந்தது. அக்காவுக்குத் தினமும் சுருக்கென்றதற்கு ஒரு பட்டப்பெயர் வந்தது.

அக்கா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போக ஆரம்பித்தாள். செருப்போடு போனால் அவ்வளவாகக் கிள்ளுவதில்லை என்று சொன்னாள். குளிக்கிற இடத்தில் செருப்பா என்று மனைவி முகம் சுளித்தாள், ஆனால் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. செருப்பு ஏன் என்று தம்பிக்குப் புரியாதா என்ன? கடையில் ஒரு வாடிக்கையாளர் இப்படிச் சொல்லியிருந்தால் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் மெயினை அணைக்கச் சொல்லியிருப்பார். வீட்டில், பார்க்கலாம் பார்க்கலாம் என்று நாள் போயிற்று. சுவிட்சை அணைத்துவிட்டுக் குழாயைத் தொடு என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அக்காவிடம் அதைச் சொன்னதாக அவருக்கே நினைவில்லை.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு காலையில், தம்பி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பின்பக்கத்தில் வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் வீணாகிறது பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று மனைவி குரல் கொடுத்தாள். பதில் இல்லை. தண்ணீர் வழிவதும் நிற்கவில்லை. தம்பி எட்டிப் பார்த்தார்.

பார்த்தவர் அக்காவிடம் ஓடவில்லை. மெயின் சுவிட்சிடம் ஓடினார். என்ன நடந்தது என்று அவருக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. தெரிந்த பாடமெல்லாம் அப்போது வரிசையாக ஞாபகம் வந்தது. ஒன்றுகூட மறக்கவில்லை. வீடு முழுக்கக் கரண்டை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து அக்காவைத் தூக்கினார். அவள் விரல்கள் மடங்கியே இருந்தன. வாளிக்குள் அவருடைய நீலச் சட்டை ஊறிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்வதற்கு இருக்கவில்லை. டாக்டரிடம் உள்ளதைச் சொன்னார், சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. வாசலுக்கு வந்து நின்ற சொந்தக்காரர்களிடம் வேறு விதமாகச் சொன்னார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், தலையில் அடி என்றார். ஹீட்டர் கடைக்காரர் வீட்டில் ஹீட்டரால் சாவா என்று நாலு பேர் கேட்பார்களே என்ற கூச்சம் அந்த நேரத்திலும் அவருக்கு இருந்தது. கடையிலிருந்து மாலையோடு வந்தவர்களிடமும் அதையே சொன்னார். ஒரு தடவை சொன்ன பொய்யை மாற்ற முடியவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, மகள் அக்காவின் அறையைப் பெருக்கப் போனவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரோஜா நிறச் செருப்பு, குதிகால் தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அறுந்துபோன வார் கழன்று வராமலிருக்க, அடியில் ஒரு ஊக்கைக் குறுக்கே குத்தியிருந்தாள் அக்கா. ஊக்கு அடிப்பாகத்தில் துருத்திக்கொண்டு, தரையில் உரசி உரசிப் பளபளத்தது. கரண்டு கிள்ளாமல் இருக்கப் போட்ட செருப்பின் அடியில் இரும்பு.

"இது நான் குடுத்ததுப்பா" என்றாள் மகள். "வார் அறுந்துடுச்சு, அத்தைக்கு ஆகும்னு நான்தான் குடுத்தேன்."

தம்பி அவள் கையிலிருந்து செருப்பை வாங்கிக்கொண்டார். அவள் தலையைத் தடவிக்கொடுக்க நினைத்தார். கை எழவில்லை. தேம்பித் தேம்பி அழுதார். அக்கா செத்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. அந்த அறையில் சுற்றிலும் இருந்த ஒவ்வொன்றும், நாற்காலியும் விசிறியும் தலையணையும், அவர் வாயால் அனுப்பி வைத்தவை. புதிதாக வாங்கிய பொருள் என்று ஒன்றுகூட அங்கே இல்லை.

அவர் கடைக்குத் திரும்பினார். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றார், கேட்டதை எடுத்துக் காட்டினார், விற்றார். நாலு வார்த்தை மட்டும் வரவில்லை. யாரும் அவரை வெந்நீர் என்று கூப்பிடவும் இல்லை. பில் போடுகிற பெண் கவனித்தாள், பாவம், அக்கா போன துக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

குளிர் விடைபெறுகிற சமயத்தில் ஒருவர் வந்தார். நல்ல உடை, கையில் கார் சாவி. பழைய ஹீட்டரைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது, பையன் குளிக்கப் பயப்படுகிறான், உடனே புதுசு வேண்டும் என்றார். தம்பி எடுத்துக் காட்டினார். பில் போடும் இடத்துக்கு வந்ததும், பழசைக் கொண்டுவந்தால் விலை குறையும் என்று அந்தப் பெண் சொன்னாள்.

"அது வேண்டாம்மா. எங்க அம்மா ரூம்ல மாட்டிக்குவேன். அவங்களுக்கு ஆகும்."

தம்பி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"எங்க அக்காவுக்கும் ஆகும்னுதான் சார் நெனச்சேன்" என்றார்.

வந்தவர் புரியாமல் பார்த்தார். தம்பியின் குரல் உயரவில்லை. பில் போடுகிற பெண்ணுக்கும் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

"என் பொண்ணுக்கு ஷாக் அடிச்ச ஹீட்டர கழட்டி எங்க அக்காவுக்கு மாட்டிக் குடுத்தேன். தண்ணி கிள்ளுதுன்னு வந்து சொன்னாங்க. நான் சிரிச்சேன். அவங்க வழுக்கி விழல சார். அந்த ஹீட்டர்லதான் செத்தாங்க."

அந்தப் பெண் பில்லை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். வந்தவர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, நானும் நாலு கடை பார்த்தவன்தான் என்கிற சிரிப்பு.

"ரெண்டா விக்கணும்னா இப்படியெல்லாமா சொல்லுவீங்க?"

தம்பிக்குக் கோபம் வரவில்லை. தானும் ஒரு நாள் இப்படித்தானே சிரித்தோம் என்று தோன்றியது. சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார். தரையில் உரசித் தேய்ந்த ஒரு ஊக்கு.

"ரெண்டாவது வாங்க வேண்டாம் சார். அடுப்புல சுடுதண்ணி வெச்சு, நீங்களே உங்க கையால தூக்கிட்டுப் போய் அம்மாவுக்குக் குடுங்க. அது போதும். ஆனா அதை மாட்டாதீங்க. உங்க பையனுக்கு அடிக்கிற ஷாக்தான் சார் அவங்களுக்கும் அடிக்கும், சொல்லத்தான் மாட்டாங்க. நமக்கு ஆகாதது அவங்களுக்கும் ஆகாது."