பாதுகாப்பில் இருக்கும் அண்ணன்

சோபா அண்ணனின் தொழிற்சாலைக் கதவில் கோர்ட் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. கம்பெனி நொடித்துப்போய்விட்டதாம். மறு உத்தரவு வரும்வரை அவருக்குக் கோர்ட் பாதுகாப்பாம், யாரும் அவரிடம் பாக்கி கேட்கக் கூடாதாம். வாசித்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவருடைய சோபாக்களுக்கு உறை தைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. என்னிடம் நான்கு பெண்கள் தைக்கிறார்கள். ஆறு மாதக் கூலி அவரிடம் நிற்கிறது, அது வந்தால்தான் அவர்களுக்குச் சம்பளம்.

போன் போட்டேன். எடுத்தார், அதுவே பெரிய விஷயம்.

“தங்கச்சி, நான் நடுத்தெருவுக்கு வந்துட்டேன்மா. மெஷின், சோபா எல்லாம் வித்தாச்சு. கம்பெனியில ஒரு ஆணி கூட இல்லன்னு கோர்ட்ல எழுதிக் குடுத்துட்டேன்.”

குரல் உடைந்தது. எனக்கே பாவமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் கடை நொடித்தபோது இப்படி ஒரு சட்டம் இருப்பது எங்களுக்குத் தெரியாது. கடன்காரர்கள் வாசலில் நின்று கத்தியதில் மனுஷன் பாதியாகிப் போனார். விழுந்தவருக்கு மூச்சு விட நேரம் கொடுக்கிற சட்டம் நல்ல சட்டம்தான் என்று என் பெண்களிடம் மணிக்கணக்காக வாதாடினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். “நண்பர் ஒருத்தர் கடை போடறார், உறை வேணுமாம். தெச்சுக் குடு, கூலிக்கு மேலயே நான் கையில காசு வாங்கித் தர்றேன். கூடுதலா வர்றதை நம்ம பழைய பாக்கியில கழிச்சுக்கோ. பில்லு மட்டும் வேணாம், கோர்ட்டு மூக்கை நுழைக்கும்.”

வந்தவரை லாபம் என்று தலையாட்டினேன். வேலை கூடியதால் புதிதாக ஒரு பெண்ணையும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் தையலில் ஒரு வழக்கம் உண்டு. உறையின் உள்பக்கம், தையல் முடிகிற இடத்தில், ஆளுக்கொரு நிற நூலில் முடிச்சுப் போடுவோம். பிரிந்து வந்தால் யார் கைவேலை என்று தேடி அலைய வேண்டாம். புதியவளுக்கு மிச்சமிருந்தது மஞ்சள், அதனால் அவள் பெயரே மஞ்சநூல் ஆகிவிட்டது. இரண்டு மாதம் தைத்தோம். வந்த காசை வந்த கையோடு சம்பளமாகப் பிரித்துக் கொடுத்தேன். பழைய பாக்கியில் கால்வாசி தீர்ந்தது.

அண்ணனுக்குக் கடன் கொடுத்தவர்களைக் கோர்ட் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தது. அதற்கு முந்தின நாள், அந்த நண்பரின் கடையைப் பார்க்கலாமே என்று போனேன். கல்லாவில் சோபா அண்ணனின் மனைவி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் ஒரு சோபாவின் உறையைத் திறந்தேன். மஞ்சள் முடிச்சு. குனிந்து அடிச்சட்டத்தைப் பார்த்தேன். பழைய கம்பெனியின் முத்திரை மரத்தில் பளிச்சென்று இருந்தது. வித்தாச்சு என்று கோர்ட்டில் சொன்ன சோபாக்களுக்குத்தான் நாங்கள் புதுச் சட்டை தைத்துப் போட்டிருக்கிறோம். செல்போனை எடுத்து முடிச்சையும் முத்திரையையும் படம் பிடித்தேன்.

மறுநாள் கோர்ட் நியமித்த அதிகாரி பட்டியலை வாசித்தார். பெரிய கடன்காரர்கள் மூன்று பேர். அண்ணனின் மச்சான், மாமியார், டிரைவர். டிரைவர் கொடுத்த கடனில் ஒரு வீடே கட்டலாம். போன வருஷம் என்னிடம் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்ட மனுஷன் அவர். யார் கொடுத்த கடன் பெரிதோ அவர் ஓட்டும் பெரிது. நூற்றுக்குப் பத்து கொடுத்தால் போதும், மிச்சத்தை விட்டுவிடலாம் என்று மூன்று கைகளும் உயர்ந்தன. அண்ணனுக்கு மரம் கொடுத்தவரும் பஞ்சு கொடுத்தவரும் வேண்டாம் என்றது எடுபடவில்லை.

நான் எழுந்து போய் என் செல்போனில் எடுத்த படங்களை அதிகாரி முன் வைத்தேன். மஞ்சநூல் என்னிடம் சேர்ந்த தேதியையும் சொன்னேன், எல்லாம் வித்தாச்சு என்று அண்ணன் எழுதிக் கொடுத்த பிறகு சேர்ந்தவள் அவள்.

அண்ணன் என் பக்கமாகச் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். “தங்கச்சி, யோசிச்சுப் பேசு. காசு வாங்கினது நீயும்தான்.”

“எழுதிக்கோங்க சார்,” என்றேன் அதிகாரியிடம். “வாங்கினேன்.”

அவர் எழுதிக்கொண்டார். ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

அண்ணன் மீது விசாரணை என்றார்கள். அவர் உடம்பு சரியில்லை என்று வாய்தா வாங்கினார், பிறகு இன்னொரு வாய்தா. எனக்கு மட்டும் நோட்டீஸ் இருபதே நாளில் வந்தது. பாதுகாப்பு அமலில் இருக்கும்போது பழைய பாக்கிக்காகப் பணம் வாங்கியது செல்லாது, வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்று. எதை வைத்துக் கட்ட? அது ஐந்து வீட்டு அடுப்பில் எரிந்து முடிந்த காசு.

நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன். அவர் பதறவே இல்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். “நீங்களும் ஒரு பாதுகாப்பு மனு போட்டுடுங்கம்மா. அப்புறம் யாரும் உங்ககிட்ட எதுவும் கேக்க முடியாது.”

“யாரும்னா?”

“கட்டட ஓனர், மெஷின் லோன் குடுத்த பேங்க், உங்ககிட்ட தைக்கிறவங்க. எல்லாருந்தான்.”

“சம்பளம் கூடவா சார்?”

“இப்போதைக்குக் கேக்க முடியாது. சட்டம்தானேம்மா.”

படிவத்தோடு தையல் அறைக்குத் திரும்பினேன். ஐந்து மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன, வேறு யாருக்கோ தலையணை உறை. மேஜையில் தாளை விரித்தேன். கடன்காரர்கள் பெயர் எழுத வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில், என்னிடம் பதினோரு வருஷமாகத் தைக்கிறவளின் பெயரை எழுதினேன்.

“உனக்கு எத்தனை மாசம்டி பாக்கி?” என்று கேட்டேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. “அதை யாருக்கா எண்ணிக்கிட்டிருக்கா? வர்றப்போ குடுங்க. ஆமா, அது என்ன தாளு?”

“ஒண்ணுமில்ல,” என்றேன். “பழைய பில்லு.”

அவள் தைத்துக்கொண்டே இருந்தாள். நான் இரண்டாவது பெயரை எழுதினேன்.