முக்கால் இஞ்ச் கூட இல்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வாயால் வந்த வினை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது. என் அக்காவும் அந்த வாரம் நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

எப்படித் தொடங்குவது என்று நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். முதல் முயற்சி இது:

மருத்துவமனையின் நீண்ட வெள்ளைத் தாழ்வாரத்தில் மௌனம் ஒரு —

வேண்டாம். அந்தத் தாழ்வாரம் வெள்ளை இல்லை, பாதிச் சுவர் வரை பச்சைப் பெயின்ட். மௌனமும் கிடையாது. டோக்கன் எண்ணைக் கூப்பிடும் ஒலிபெருக்கி கரகரத்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது முயற்சி:

அக்காவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று நான் —

இதுவும் வேண்டாம். இதில் "நான்" சீக்கிரமே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறது. இது அக்காவின் கதை. அவளிலிருந்தே தொடங்கலாம்.

2

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. தையல் கடை வைத்திருக்கிறாள். புதுத் துணியும் தைப்பாள், ஆனால் பேர் வாங்கியது ஆல்டரேஷனில். பருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பாள். ஆளைப் பார்த்ததுமே இடுப்பளவைச் சொல்லிவிடுவாள் என்பதால் தெருவில் அவளுக்கு அளவக்கா என்று பேர். அவள் எதிரே வந்தால் சிலர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

(அவள் சிகரெட் பிடித்ததில்லை. இதைக் கேட்காமல் யாரும் நகர்வதில்லை என்பதால் அடைப்புக்குறிக்குள் சொல்லிவைக்கிறேன்.)

விடாத இருமல், ஸ்கேன், ஊசி குத்தி எடுத்த சோதனை எல்லாம் முடிந்து டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "கட்டி அஞ்சு புள்ளி ஒண்ணு இருக்கு." அக்கா தலையாட்டினாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். நான்கு முறை ஏற்றிவிட்டு மறுபடி ஸ்கேன். அதே டாக்டர், அதே நாற்காலிகள்.

"மூணு புள்ளி நாலு ஆயிருக்கு. முழுசா போகல. ஆனா மருந்து வேலை செய்யுது. இன்னும் ரெண்டு தடவை குடுத்துட்டுப் பாப்போம்."

ரிப்போர்ட்டில் அதற்குப் பார்ஷியல் ரெஸ்பான்ஸ் என்று பேர் போட்டிருந்தது. சொல்லை வைத்துப் பிழைப்பவள் நான், ஆனால் இதைத் தமிழில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பகுதிப் பலன்? அரைகுறைப் பலன்? அரைகுறை என்பது எங்கள் வீட்டில் என்னைத் திட்டுவதற்கென்றே வைத்திருந்த சொல். சித்தி போன் செய்தபோது "குறைஞ்சிருக்கு சித்தி" என்றேன். "அப்ப சரியாப் போச்சா?" என்றாள். "இல்ல, குறைஞ்சிருக்கு." "அப்ப சரியாகலையா?" மறுபடியும் குறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல முடிந்தது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை.

அக்காவுக்கு மட்டும் பிடிபட்டிருந்தது. அவள் முகம் மலர்ந்திருந்தது. ஏன் என்பது சனிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

3

அடுத்த மருந்து வியாழக்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை கடைக்குப் போனேன். மெஷினுக்கு மேலே சுவரில் பிரவுன் பேப்பரில் வெட்டிய இரண்டு வட்டங்களைக் குண்டூசியால் குத்திவைத்திருந்தாள். ஒன்று டீ சாஸர் அளவு. மற்றது அதைவிடச் சின்னது.

"என்னக்கா இது, பாக்கெட்டா?"

"பாக்கெட் எங்கடி வட்டமா இருக்கும். அதுதான் அது."

"எது?"

நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "பெருசு மொத ஸ்கேன். சின்னது இப்ப எடுத்தது. அஞ்சுல இருந்து மூணரைக்கு வந்துடுச்சு பாத்தியா. ஒண்ணரை இஞ்சுக்கு மேல போயிடுச்சு."

இஞ்ச்.

டாக்டர் எண்ணை மட்டும்தான் சொன்னார். ரிப்போர்ட் என் பையில் இருந்தது. முப்பது வருஷமாக அவள் காதில் விழுகிற அளவெல்லாம் இஞ்ச்தான். டேப்பின் பின்பக்கத்தில் சென்டிமீட்டர் இருக்கிறது. அவள் அதைத் திருப்பிப் பார்த்ததே கிடையாது.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், கதை ஓடிப்போய்விடாது. மூன்று மாதமாக இவள் தன் நெஞ்சுக்குள் சாஸர் அகலத்துக்கு ஒரு கட்டி இருப்பதாக நினைத்திருக்கிறாள். நினைத்துக்கொண்டே காலையில் எழுந்து, முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டி, கடையைத் திறந்து, நர்ஸுகளுக்கு நாற்பது யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்திருக்கிறாள். கட்டிக்கே பேட்டர்ன் வெட்டி, தினமும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருக்கிறாள். இரண்டு அங்குலத்துக்கு வேண்டிய தைரியம்கூட என்னிடம் இல்லை. இவள் ஐந்து அங்குலத்துக்கு வைத்திருந்தாள். என் அக்காவை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது, இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அப்போது நான் சொன்னது வேறு.

"அக்கா, அது சென்டிமீட்டர்."

கழுத்தில் கிடந்த டேப்பைத் திருப்பினாள். ஐந்தைத் தேடி விரலை வைத்து, மறுபக்கம் பார்த்தாள். "ரெண்டு இஞ்ச்தானா? இத்துனூண்டா?" இருமல் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு மூன்று புள்ளி நான்கைத் தேடி, அங்கே விரலை வைத்து மறுபக்கம் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப கொறைஞ்சது?"

அவளே கோடுகளை எண்ணினாள்.

"முக்கா இஞ்ச் கூட இல்ல."*

* சரியாகச் சொன்னால் பூஜ்யம் புள்ளி ஆறு ஏழு. வாழ்நாளெல்லாம் கணக்கில் கோட்டை விட்ட நான் அன்றைக்குப் பார்த்துச் சரியாக இருந்தேன்.

4

"மூணு மாசம் வாந்தி எடுத்தேன். முடி போச்சு. வாயெல்லாம் புண்ணு. முக்கா இஞ்சுக்கு." வியாழக்கிழமை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கத்தியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். ஒரு வாடிக்கையாளரிடம் இந்தத் துணி தேறாது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

எந்தப் பக்கம் வைத்து அளந்தாலும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறதே என்று விளக்கினேன்.

"மூணுல ரெண்டு பங்கு இருக்குல்ல" என்றாள்.



5

[இந்த இடத்தில் கதைக்கு ஒரு திருப்பம் தேவை. எனக்கோ அக்கா வியாழக்கிழமை வருவது தேவை. இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதினேன்.]

ஒரு பஸ் டிரைவர் கடைக்கு வருகிறார். யூனிஃபார்ம் பேன்ட் இடுப்பை இறுக்குகிறது. அக்கா பிரித்துவிடுகிறாள். போட்டுப் பார்த்த டிரைவர், "அப்பாடா, இப்பத்தான் மூச்சு விட முடியுது. எவ்வளவுக்கா பிரிச்சீங்க?" என்கிறார். "முக்கா இஞ்ச் கூட இல்லைங்க" என்று சொல்லும்போதே அக்காவின் குரல் தழுதழுக்க, அவள் கண்களில் —

அப்படி ஒரு டிரைவர் வரவே இல்லை. அவர் என் கைச்சரக்கு. எனக்கே அவர் மேல் நம்பிக்கை இல்லை. வேண்டிய நாளில் வேண்டிய வசனத்தோடு வந்து நிற்கிறவரை யார்தான் நம்புவார்கள். இருந்தாலும் செவ்வாய்க்கிழமை மாலை கடைக்குப் போய் அந்தப் பக்கத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கதை சொல்லி ஆளை மாற்றிவிடலாம் என்ற நப்பாசைதான்.

6

முழுதும் கேட்டுவிட்டு அக்கா கேட்டது இதைத்தான்: "எந்தத் தையல்ல பிரிச்சேன்?"

"இடுப்புல."

"அது தெரியுது. பின்னால நடுத்தையல்ல முக்கா இஞ்ச் பிரிச்சா, ரெண்டு பக்கத் துணியிலயும் முக்கா முக்கா வரும். சுத்தளவு ஒண்ணரை கூடும். இது கூடத் தெரியாம என்னைப் பத்தி எழுத வந்துட்டே."

"சரிக்கா, மாத்திடறேன்."

அவள் சுவரில் இருந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவங்க அளந்தது அகலமா, சுத்தளவா?" என்றாள்.

"அகலம்."

"அது துணி மாதிரி தட்டையாவா இருக்கும்?"

"இல்லக்கா. உருண்டை மாதிரின்னு நினைக்கிறேன்."

"அப்புறம் நான் எதுக்குடி தட்டையா வெட்டி வெச்சேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இனி வருவதில் நான் கை வைக்கவில்லை. வெட்டி மிஞ்சிய துணியை எடுத்து, டேப்பைச் சென்டிமீட்டர் பக்கம் வைத்து அளந்து, இரண்டு உருண்டைகள் தைத்தாள். ஒன்று ஐந்து புள்ளி ஒன்று, மற்றது மூன்று புள்ளி நான்கு. தலையணைப் பஞ்சைக் கிள்ளி அடைத்தாள். பெரியதற்குள் மூன்று கிள்ளு போயிற்று. சின்னதற்கும் மூன்று கிள்ளு எடுத்துவைத்தாள், ஒரு கிள்ளே அதிகமாயிற்று. கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அந்தத் துருத்தலைப் பிய்த்து, உள்ளே போகாத மற்ற இரண்டு கிள்ளோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு போயிருக்கு" என்றாள்.

இந்தக் கணக்கை நான் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவே இல்லை.

(மறுநாள் டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். "அப்படியும் சொல்லலாம்மா. ஆனா நாங்க அகலத்தை வெச்சுத்தான் பாப்போம். இது வரைக்கும் கொறைஞ்சதால இனியும் கொறையும்னு சொல்ல முடியாது" என்றார். அதையும் அப்படியே அக்காவிடம் சொன்னேன். "அவரு சொல்றது சரிதான். நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள்.)

7

இரண்டு மருந்தும் ஏற்றியாயிற்று. வாந்தியும் புண்ணும் ஒரு நாள் கூட லீவு எடுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை மூன்றாவது ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் திங்கட்கிழமை.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) இன்னும் குறைந்திருக்கிறது.

ஆ) அப்படியே நிற்கிறது.

இ) அன்று மாலை நான் மட்டும் —

இ-யை அதற்கு மேல் எழுத முடியவில்லை. அடிக்கவும் மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த அக்கா மேஜையில் கிடந்த தாளைப் படித்துவிட்டாள்.

"உன் கதையில எவதான் பொழைச்சிருக்கா?" என்றாள். "இதுல என்னை என்ன பண்ணப்போற?"

"தெரியலக்கா."

"தெரியலைன்னே எழுது. டாக்டருக்கே தெரியல." தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். "திங்கக்கிழமை காலைல எனக்கு டெலிவரி இருக்கு. மதியத்துக்கு மேலதான் வருவோம்னு ஆஸ்பத்திரில சொல்லிடு."

"அவங்க நமக்காகக் காத்திருக்க மாட்டாங்கக்கா."

"நான் அஞ்சு மாசமா காத்திருக்கேன். அவங்க அரை நாள் காத்திருக்கட்டும்."

8

இப்போது திங்கட்கிழமை மதியம். மருத்துவமனையில் கீழ்த்தளத்து பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டாக்டரின் அறை இரண்டாவது மாடியில். முதல் தடவை படியேறிப் போனபோது அக்கா நடுவில் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். இன்று லிஃப்ட் காலியாகத் திறந்து கிடக்கிறது. அவள் படியில் போகலாம் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அவளுக்கும் பயம்தான், கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்திருப்பதிலேயே தெரிகிறது.

மேலே என்ன சொல்வார்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவளோடு படியேறப் போகிறேன்.