வாலில் ஒரு வெட்டு

...அப்படியே இருந்தாலும், தட்டில் காட்டுகிற மீன்தான் அடுப்புக்குப் போகிறது என்று யார் பார்த்தது, சமையல்கட்டுக் கதவு ஆள் உள்ளே போனதும் தானாக மூடிக்கொள்கிறது, கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதோ, இந்தக் கறுப்புச் சட்டை சர்வர் பையன் தொட்டில் பிள்ளையைக் காட்டுவது மாதிரி ஐஸ்மேல் கிடக்கிற கொடுவா மீனை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கிறான், "இன்னைக்குக் காலைல வந்தது சார், இதையே பண்ணிடட்டுமா?" என்கிறான், அதில் சிரிப்பு வேறு. சிரித்துக்கொண்டே விற்கிறவனை நான் நம்புவதில்லை. குழாய் வேலை பார்த்தே கிழவன் ஆனவன் நான், கடைக்காரன் காட்டுவது பித்தளையாக இருக்கும், பையில் போட்டுக் கொடுப்பது முலாம் பூசின தகரமாக இருக்கும், எத்தனை பேரைப் பார்த்தாயிற்று. மீன்காரன் மட்டும் என்ன மாமன் மச்சானா?

எதிரே டெய்லரம்மா. எங்கள் தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கிறவள், இல்லை, வைத்திருந்தவள், கடையை ஒழித்துக் கொடுத்தாயிற்று, மெஷினைப் பழைய போர்வையில் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருப்பதை நானே பார்த்தேன், பிணத்தைக் கட்டி வைத்த மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குக் கிளம்புகிறாள். விமானம் ஏறிப் போகிற தூரம். மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, அங்கேயே இருந்துவிடு அம்மா என்று சொல்லிவிட்டாளாம், புருஷன் போன பிறகு ஒற்றை மெஷினை மிதித்து வளர்த்த மகள், கூப்பிட்டால் போகாமல் இருப்பாளா. போகாதீர்கள் என்று சொல்லத்தான் நான் இங்கே கூட்டிவந்தேன். ஒரே ஒரு வார்த்தை. அதைத் தெருமுனையிலேயே நின்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை, அதனால் இந்தக் கண்ணாடி மாளிகைக்குள் வந்து குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எப்போதோ பஸ்ஸில் இந்தப் பக்கம் போகும்போது, "சாகறதுக்குள்ள ஒருநாள் இது உள்ள போய் உக்காந்து மீன் சாப்பிடணும்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் மறந்திருப்பாள். எனக்குத்தான் இந்த மாதிரி அற்ப விஷயமெல்லாம் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

"ஒரு நிமிஷம் தம்பி" என்று சொல்லி மீனின் வாலை நகத்தால் கிள்ளப் பார்க்கிறேன். வால் தோல்வார் மாதிரி இருக்கிறது, கிள்ளுப்படவில்லை. "என்ன பண்றீங்க?" என்கிறாள் அவள். "அடையாளம் வைக்கிறேன். உள்ள போனா மாத்திடுவான்." பையன் முகம் சுருங்குகிறது, பக்கத்து மேஜையில் டை கட்டின ஆள் திரும்பிப் பார்க்கிறார், சரி, மானம் போயிற்று, எழுந்து போய்விடுவாள் என்று நினைக்கிறேன், அவளோ கைப்பையைத் திறந்து, நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்து, துணியில் அளவுக்கு வெட்டுப் போடுகிற மாதிரி வாலில் முக்கோணமாக ஒரு துண்டைக் கத்தரித்து எடுக்கிறாள். "இப்ப மாத்தட்டும் பாப்போம். கொண்டு போங்க தம்பி. இல்லாட்டி இவரு சாப்பிட மாட்டாரு, என்னையும் சாப்பிட விடமாட்டாரு." பையன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போகிறான். அவள் தோள் குலுங்குகிறது, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர். இப்படி ஒருத்தி என் பக்கம் நின்று எத்தனை காலம் ஆயிற்று... என் வீட்டுக்காரி உயிரோடு இருந்தபோது என்னோடு கடைக்கு வரவே மாட்டாள், "உங்ககூட வந்தா எனக்குத்தான் அசிங்கம்" என்பாள், அவள் சொன்னதும் நியாயம்தான், நல்லவள், நான் சந்தேகப்படும் ஒவ்வொரு ஆளிடமும் எனக்காக மன்னிப்புக் கேட்டே அவள் காலம் முடிந்துபோயிற்று. இவள் கத்தரியை எடுக்கிறாள்.

நேரில் நீங்கள், டெய்லரம்மா என்றுதான் கூப்பிடுகிறேன், மனசுக்குள் எப்போது 'அவள்' ஆனாள்? தெரியவில்லை. முதலில் கடையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிட்டாள், போய்ச் சரிசெய்தேன், பிறகு ஒழுகாத நாளிலும் போய்க் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்தேன், பிறகு சட்டைப் பட்டன்... கண்ணாடித் தொட்டிக்குள் நண்டுகள் கொடுக்கில் ரப்பர் வளையம் போட்டுக் கிடக்கின்றன, ஒன்று கண்ணாடியில் முட்டி முட்டிப் பார்க்கிறது, காற்றுக் குமிழி விடுகிற மோட்டார் சத்தம் சரியில்லை, எனக்கென்ன. சொல்லு கிழவா, இப்போதே சொல்லு, மீன் வருவதற்குள். என்னவென்று சொல்வது? மகனிடம் பல் டாக்டரிடம் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தவன் நான். இந்த வயதில் உனக்கு என்ன கேடு என்பான். மருமகள் ஒன்றும் சொல்ல மாட்டாள், பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள், அவ்வளவுதான்.

"அங்க குளிர் ஜாஸ்தியாம்" என்கிறாள் அவள். "சொட்டர் வாங்கி வச்சிருக்காளாம்." நல்லது என்கிறேன். நல்லது! வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா?

மீன் வந்துவிட்டது. ஆவி பறக்கிறது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதலில் வாலைப் பார்க்கிறேன். இருக்கிறது. ஓரம் கருகியிருக்கிறது, ஆனால் அதே வெட்டு, அதே முக்கோணம். பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான், "திருப்தியா சார்?" "வாலு சரி, உடம்பு யாருதோ" என்கிறேன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தோத்துட்டீங்க பிளம்பரே, ஒத்துக்கங்க" என்கிறாள் அவள், வயிற்றுப் பக்கத்துச் சதையைப் பிட்டு என் தட்டில் வைக்கிறாள், அவள் விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருக்கிறது, அந்த விரல் என் தட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது, ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அந்த விரல் எங்கேயோ... மீன் நன்றாகத்தான் இருக்கிறது. 

"நான் போனப்புறம் உங்க பட்டனெல்லாம் யாருகிட்ட தைப்பீங்க?" அறுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறேன். அவள் மீனைப் பார்த்துக்கொண்டே, "தானா அறுந்தா நூல் நைஞ்சிருக்கும். நீங்க கொண்டுவந்ததெல்லாம் பிளேடு போட்டது" என்கிறாள். காது சுடுகிறது. தெரிந்திருக்கிறது. அத்தனை தடவையும் தெரிந்துதான், முக்காலியைக் காட்டி உட்காருங்கள் என்று சொல்லி, அவசரத் துணியையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, நிதானமாக, ஒரு பட்டனுக்கு அவ்வளவு நேரம்... "தெரிஞ்சே ஏன் தைச்சீங்க?" அவள் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைக்கிறாள், ஒன்று, இன்னொன்று, சதையில் முள்ளே இல்லாத இடத்தில்கூட விரலால் தேடிக்கொண்டிருக்கிறாள்.

"போகாதீங்க." சத்தமாக வந்துவிட்டது, தெருவில் தண்ணீர் லாரியை நிறுத்தச் சொல்கிற மாதிரி. டை கட்டின ஆள் மறுபடியும் திரும்புகிறார். திரும்பட்டும். அவள் கை அப்படியே நிற்கிறது.

நேரம் பார்த்து அந்தப் பையன் வருகிறான், இனிப்பு ஏதாவது வேண்டுமா என்று. அவள் நிமிராமலே, "கொஞ்சம் கழிச்சு வாங்க தம்பி, பேசிட்டிருக்கோம்" என்கிறாள். யார் பேசுகிறார்கள்?  தண்ணீரை எடுத்துக் குடிக்கிறாள், மெதுவாக, பாதி கிளாஸ், வைத்துவிட்டு என்னை நேராகப் பார்க்கிறாள், கடையில் ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை, அங்கே கண் எப்போதும் ஊசியில் இருக்கும். "சரி, நான் போகல. அப்புறம்?"

அப்புறம்? முடியாது, போகத்தான் போகிறேன் என்றால் என்ன சொல்வது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு நடப்பது, எல்லாம் யோசித்து வைத்திருந்தேன், ராத்திரி ராத்திரியாக யோசித்தேன், சரி என்றால் என்ன செய்வது என்று ஒரு அடிகூட யோசிக்கவில்லை. என் அறையில் ஒரே ஒரு நாற்காலி. மகளுக்கு என்ன பதில் சொல்வாள், என் மகனுக்கு நான் என்ன சொல்வேன், அந்த மெஷினை எங்கே இறக்கிவைப்பது... அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். முடியாது என்றுதான் சொல்வாள் என்று இத்தனை நாளும் முழுசாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன், எவனையும் எதையும் நம்பாத நான், அந்த ஒன்றை மட்டும், துளி சந்தேகமில்லாமல்...