கோல்கீப்பரைப் பெயர் சொல்லி அழைக்காதீர்

எண்பத்தெட்டில் கம்பத்துக்கு வீடியோ கேம் வந்தபோது ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அப்துல் சமது மட்டும் பல்லைக் கடித்தார். கொண்டுவந்தவன் வேறு யாருமில்லை, அவருடைய சொந்த மச்சினன்தான். மனைவி கைருன்னிசாவின் தம்பி ஜெய்லானி துபாயிலிருந்து திரும்பிவந்து, வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை ஒன்றைப் போட்டிருந்தான். அந்தக் கடையின் மூலையில் ஒரு கலர் டிவியை வைத்து, அதில் கால்பந்து விளையாட்டை மாட்டிவிட்டான்.

விளையாட்டா அது? கண்றாவி! பந்து கோந்து தடவினாற்போலக் காலில் ஒட்டிக்கொள்ளும். ஒரு டீமின் மூன்று ஆட்களும் ஒரே கயிற்றில் கட்டிய மாடுகள் மாதிரி சேர்ந்தே நகர்வார்கள். கோல்கீப்பர் இருக்கிறானே, அந்த மகராசன் யார் சொல்லும் கேளாமல் கோல் வாசலில் மேலும் கீழுமாக உலாத்திக்கொண்டிருப்பான். கீழ் மூலைக்குப் போய் அடித்தால் நூற்றுக்கு நூறு கோல்தான். வோல்டேஜ் கம்மி, அதனால்தான் அவன் மெதுவாக ஓடுகிறான் என்று நினைத்த ஜெய்லானி, மதுரைக்கு பஸ் ஏறிப்போய் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிவந்தான். ஸ்டெபிலைசர் நன்றாக உறுமியது. கோல்கீப்பர் பழையபடியே உலாத்தினான்.

அந்தக் கோல்கீப்பருக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் சமது.

காரணம் இல்லாமல் இல்லை. சமது இப்போது திராட்சை வியாபாரி. நாலு வருஷம் முன்புவரை கம்பம் டீமின் கோல்கீப்பர். உத்தமபாளையத்தில் போடி டீமோடு நடந்த ஃபைனலில் ஆளுக்கு ஒரு கோல், கடைசி நிமிஷம், மலையிலிருந்து சாரல் வேறு. போடி சுந்தர்ராஜ் அடித்த சப்பைப் பந்து ஒன்று சமதுவின் வயிற்றுக்கடியில் உருண்டு உள்ளே போய்விட்டது. கோப்பையும் போடிக்குப் போய்விட்டது. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் அவர் பாய்ந்து பாய்ந்து தடுத்த பந்துகளை எவன் ஞாபகம் வைத்திருக்கிறான்?

"ஏலே, சமது விட்டுட்டான்டா!" என்று கடைக்குள்ளிருந்து கிளம்பும் கூச்சல் பஜார் முழுக்கக் கேட்கும்.

சமது போய்ச் சண்டை போட்டார். ஜெய்லானி பயந்துபோய் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, டிவிக்கு மேலே தொங்கவிட்டான்: 'கோல்கீப்பரைப் பெயர் சொல்லி அழைக்காதீர்'. இதைவிட முட்டாள்தனம் உண்டா? அதுவரை பத்துப் பேருக்குத்தான் அந்தப் பெயர் தெரியும். அட்டையைப் பார்த்தவனெல்லாம், "அப்படி என்ன பேருப்பா?" என்று கேட்க ஆரம்பித்தான். ஒரே மாதத்தில் சின்னமனூர் வரைக்கும் பரவிவிட்டது. ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி கைருன்னிசாவிடமே, "கோலு விட்டாகளே, அவுக வீடாத்தா நீ?" என்று கேட்டாள். அன்றிலிருந்து சமது பள்ளிவாசலுக்குக்கூட பஜார் வழியாகப் போகவில்லை. பின் தெருவில் சாக்கடையைத் தாண்டித் தாண்டிப் போனார். முப்பத்தாறு வயது மனுஷன், ஒரு பொம்மைக்குப் பயந்து.

அப்போதுதான் ஜெய்லானி ஒரு நாள் ஓடிவந்தான்.

"மச்சான், புது கேம் கேசட்டு வந்துருக்கு! இதுல கோல்கீப்பர நாமளே ஆட்டலாம். செவப்பு பட்டன அமுக்குனா பாயிறான் மச்சான்!"

"இவனும் விட்டான்னா?"

"விட்டா, அது உங்க கையி விட்டதுதான்."

சமது கணக்குப் போட்டுப் பார்த்தார். பழைய பொம்மை கோல் விட்டால் அது மிஷின் விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இதில் தோற்றால் அந்தப் பெயர் சாகிற வரைக்கும் போகாது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். கைருன்னிசா விடவில்லை.

"போயி ஒரு ஆட்டம் ஆடிட்டு வாங்க. இன்னும் எத்தன நாளைக்குத்தான் சாக்கடையத் தாண்டுவீக?"

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும், பல மாதங்களுக்குப் பிறகு பஜார் வழியாக நடந்து சமது கடைக்குள் நுழைந்தார். உள்ளே எள் விழ இடமில்லை. டிவிக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது யார் என்கிறீர்கள்? அதே போடி சுந்தர்ராஜ். ஏலக்காய்ச் சரக்குப் பார்க்க வாராவாரம் கம்பத்துக்கு வருகிறவன், விஷயம் கேள்விப்பட்டு வந்து உட்கார்ந்துவிட்டான்.

"வாங்க பாய்! நம்ம ரெண்டு பேருந்தான் ஆடணும்னு எல்லாரும் சொல்றாக."

ஆட்டம் ஆரம்பித்தது. சுந்தர்ராஜ் அடித்த முதல் பந்துக்கு சமது பட்டனை அமுக்கவில்லை, தானே பாய்ந்துவிட்டார்! பன்னிரண்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? ஒயர் பிய்த்துக்கொண்டு வந்தது. சரிந்த டிவியை ஜெய்லானி கட்டிப்பிடித்துக் காப்பாற்றினான். கடை குலுங்கக் குலுங்கச் சிரித்தது. சமது முழங்கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

ஒயரை மாட்டி மறுபடி ஆரம்பித்தபோது பட்டனை மறந்து திணறினார். கோல் விழுந்தது. "சமது விட்டுட்டான்!" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். சமதுவின் காது மடல் சுட்டது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். ஆனாலும் உட்கார்ந்திருந்தார்.

உட்கார்ந்திருந்ததால்தான் விளையாட்டு மெல்லப் பிடிபட்டது. இதில் பந்து காலில் ஒட்டவில்லை, முன்னால் உருண்டது. கண்மண் தெரியாமல் ஓடினால் கைவிட்டுப் போனது. பட்டனைத் தொட்டால் பக்கத்து ஆளுக்குப் போனது, அழுத்திப் பிடித்தால் தூரத்துக்குப் பறந்தது. கோல்கீப்பர் ஒருமுறை விழுந்தால் எழுந்திருக்க ஒரு மூச்சு நேரம் எடுத்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் சமதுவுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. இதைச் செய்தவன் எவனோ கோல் வாசலில் நின்று பார்த்தவன்தான், விழுந்து எழுவதன் கஷ்டம் தெரிந்தவன்தான் என்று பட்டது. நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பட்டனை அழுத்திப் பிடித்து ஒரு அடி அடித்தார். கோல்! ஆளுக்கு ஒன்று.

கடைசி அரை நிமிஷம். சுந்தர்ராஜ் பந்தை உருட்டிக்கொண்டு கீழ் மூலைக்கு வந்தான். சமது கட்டைவிரலைச் சிவப்புப் பட்டன்மேல் வைத்துக்கொண்டார். உத்தமபாளையத்தில் நடந்தது என்ன என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பந்து காலை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, இங்கேதான் வரும் என்று அவசரப்பட்டு விழுந்துவிட்டார். மழையும் காரணமில்லை, சேறும் காரணமில்லை. நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாத சங்கதி அது.

சுந்தர்ராஜின் ஆள் காலைத் தூக்கினான். சமது அமுக்கவில்லை. "அமுக்குங்க மச்சான்!" என்று ஜெய்லானி அலறினான். அமுக்கவில்லை. பந்து காலை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அமுக்கினார். பொம்மை பாய்ந்தது. பந்து அதன் நெஞ்சில் வந்து ஒண்டிக்கொண்டது. ஆட்டம் முடிந்ததென்று டிவி விசில் ஊதிவிட்டது.

"ஏலே, சமது புடிச்சுட்டான்டா!"

கடை மட்டுமில்லை, எதிர்த்த டீக்கடையும் கத்தியது. யாரோ சமதுவைத் தூக்கினார்கள், யாரோ தலைத் தொப்பியைத் தட்டிவிட்டார்கள். நெஞ்சில் இத்தனை நாள் கிடந்த பாறாங்கல்லை யாரோ புரட்டித் தள்ளியது போல இருந்தது அவருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கும் இப்புடிப் புடிச்சிருந்தீகன்னா, எங்களுக்கு கப்பு கெடச்சிருக்காது பாய்," என்றான் சுந்தர்ராஜ்.

"வாஸ்தவம்யா. அன்னைக்கு நாந்தான் அவசரப்பட்டு முன்னாடியே விழுந்துட்டேன்." அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். ஒருத்தனும் சிரிக்கவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. இதைச் சொல்லவா இவ்வளவு நாள் பயந்தோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜெய்லானி பயபக்தியோடு அட்டையைக் காட்டினான். "மச்சான், இனிமே ஒருத்தன் உங்க பேரச் சொல்லக் கூடாது. இத இன்னும் பெருசா எழுதித் தொங்க விட்டுர்றேன்."

சமது ஸ்டூலின்மேல் ஏறி, அட்டையைக் கழற்றி இரண்டாகக் கிழித்தார்.

"ஒண்ணும் வேணாம் மாப்ள. அந்தப் பேரே இருக்கட்டும்."

வீட்டுக்கும் அவர் பஜார் வழியாகவே போனார்.