கரும்பலகைப் பக்கம் கிழக்கு

இரண்டாம் வகுப்புக்குத் திசை சொல்லிக்கொடுப்பதில் டீச்சரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பள்ளிக்கூடமே பேசியது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதில் டீச்சருக்கும் கொஞ்சம் பங்குண்டு. கரும்பலகைப் பக்கம் கிழக்கு, முதுகுப் பக்கம் மேற்கு, இடது கை வடக்கு, வலது கை தெற்கு. கையசைவோடு சொல்ல வைத்தாள். டிராபிக் போலீஸ் பார்த்தால் வெட்கப்பட்டுப்போகும், அவ்வளவு கச்சிதமாக வாண்டுகள் கையை நீட்டின. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. அந்த அறையில் கரும்பலகை நிஜமாகவே கிழக்குச் சுவரில்தான் இருந்தது.

வியாழக்கிழமை தலைமையாசிரியை வந்து வகுப்பைப் பார்ப்பதாக ஏற்பாடு. தற்காலிக வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு வகுப்புதான் தீர்ப்பு. நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம். சொதப்பினால் மறுபடி அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான். தலைமையாசிரியைக்கு ஆசிரியர் அறையில் பூதக்கண்ணாடி என்று பெயர். பெயர் வைத்தவருக்கு ஒரு மாலை போடலாம், அத்தனை பொருத்தம்.

முதல் நாள் சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. டீச்சரின் மகளும் அதே வகுப்புதான். பள்ளியில் அம்மாவை டீச்சர் என்று கூப்பிட வேண்டும், வீட்டுக்கு வந்தால் அம்மா. இந்த ஒப்பந்தத்தை அந்த வாலு ஒருநாளும் மீறியதில்லை.

சோபாவில் உட்கார்ந்திருந்தவளிடம் கிழக்கு எது என்று கேட்டாள். மகள் டிவியைக் காட்டினாள். டிவிக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் சூரியன் அஸ்தமித்துக்கொண்டிருந்தது. விளையாடுகிறாள் போல என்று நினைத்து, சமையலறையில் கிழக்கு எது என்றாள். அடுப்பு என்று பதில் வந்தது. குளியலறையில்? வாலு கொஞ்சம் யோசித்துவிட்டு, குழாய் என்றாள்.

"எல்லாரும் எந்தப் பக்கம் பாக்கறாங்களோ அதுதாம்மா கிழக்கு. ஸ்கூல்ல போர்டு, வீட்ல டிவி."

டீச்சருக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. தன் வீட்டு மேதைக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு என்று நம்ப ஆசைப்பட்டாள். மாடி வீட்டுப் பையன் குண்டூசியும் அதே வகுப்பு, வாசலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனை நிறுத்திக் கேட்டாள். முன்சக்கரத்தைக் காட்டினான். சைக்கிளைத் திருப்பச் சொல்லி இன்னொரு தடவை கேட்டாள். சலிக்காமல் மறுபடியும் முன்சக்கரத்தைக் காட்டினான். சிரிப்பு அப்போதே போய்விட்டது. மூன்று வாரமாகத் தொண்டை கிழியக் கத்தி, ஒரு வகுப்பு முழுவதற்கும் தப்பைப் பிசகில்லாமல் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

உள்ளே வந்து மகளை ஜன்னலுக்கு இழுத்துப்போய், சூரியன் இறங்குகிற பக்கம் மேற்கு, அதனால் டிவி மேற்கு என்று விளக்கினாள். மகள் அசைந்துகொடுக்கவில்லை.

"டீச்சர் அப்படிச் சொல்லலையே."

"நான்தான்டி டீச்சர்."

"நீ அம்மா. ஸ்கூல்ல டீச்சர் வந்து சொல்லட்டும்."

கணவர் செருப்புக் கடையிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் கேட்டுவிட்டு, நாளைக்கும் அதே அறைதானே, குழந்தைகள் எல்லாவற்றுக்கும் சரியான பதில்தானே சொல்லப்போகிறார்கள், பிறகென்ன, வாயை மூடிக்கொண்டு வகுப்பை நடத்து என்றார். அதில் தப்புக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. அப்படியே செய்வது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் மறுநாள் காலை கிளம்பினாள்.

வகுப்பு வெண்ணெயாகப் போனது. கேட்பதற்கு முன்னாலேயே கைகள் நீண்டன. பூதக்கண்ணாடி கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார், நடுவில் உலக அதிசயமாக ஒரு புன்னகைகூட எட்டிப்பார்த்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினால் போதும். ஆனால் டீச்சருக்கு இத்தனை குஞ்சுகள் தன் வாய்ச்சொல்லை நம்பி இவ்வளவு சந்தோஷமாகக் கையை நீட்டுகின்றனவே என்று தாங்கமாட்டாமல் போயிற்று.

"எல்லாரும் எழுந்து நாற்காலியைப் பின்பக்கமா திருப்பிப் போடுங்க," என்றாள்.

களேபரம். இப்படிச் சத்தம் போட அனுமதி கிடைப்பது வருஷத்துக்கு ஒருமுறை என்பதால் வாண்டுகள் தாராளமாகப் போட்டன. அடங்கியதும் கிழக்கு எது என்று கேட்டாள். பைகள் மாட்டியிருந்த பின்சுவரை எல்லாக் கைகளும் காட்டின. இவ்வளவு சுலபமான கேள்வியா என்று குண்டூசி சிரித்தே விட்டான். பூதக்கண்ணாடியின் பேனா நின்றது.

"டீச்சர் உங்களுக்குத் தப்பா சொல்லிக்கொடுத்துட்டேன். வாங்க, வெளியில போய்ப் பாக்கலாம்."

மைதானத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே காலை வெயில் கண்ணைக் கூசவைத்தது. அதுதான் கிழக்கு, நீ எப்படித் திரும்பினாலும் அது நகராது என்று ஒவ்வொருவராகச் சுழலவிட்டுக் காட்டினாள். பாதிப் பேருக்குப் புரிந்தது. மீதிப் பேர் சுழல்வதே பாடம் என்று எடுத்துக்கொண்டார்கள். இதுவரை ஒரு பதிலும் தப்பாகச் சொல்லியிராத முன்வரிசைப் பெண் அழ ஆரம்பித்தாள். அவளைச் சமாதானப்படுத்தும்போது குண்டூசி முந்தானையை இழுத்தான். சாயங்காலம் சூரியன் அந்தப் பக்கம் போய்விடுமே, அப்போது கிழக்கும் கூடவே போய்விடுமா என்று கேட்டான். மூன்று வாரத்தில் அந்த வகுப்பிலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான். டீச்சருக்கு அவனைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது. பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

தன் அறைக்குக் கூப்பிட்ட தலைமையாசிரியை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பாதி வகுப்பு வரைக்கும் பிரமாதம். அதோட நிறுத்தியிருந்தா இன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்ப பாதிக் குழந்தைங்க குழம்பிப்போய் நிக்குதுங்க. எப்படி நான் போடறது? அடுத்த பருவத்துல இன்னொரு வகுப்பு பாக்கறேன்."

டீச்சர் சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது, அதனால் ஆத்திரப்படவும் வழியில்லை. கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு முகம் கழுவிக்கொண்டு அடுத்த பாடமெடுக்க மூன்றாம் வகுப்புக்குப் போனாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை. ஆனால் அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நாற்காலி எங்க ஓடிப்போகுது? கையெழுத்தை வாங்கிட்டு நாளைக்குத் திருப்பியிருக்கலாமே."

"வாங்கியிருந்தா நாளைக்குத் திருப்பியிருக்க மாட்டேன்," என்றாள் டீச்சர். "எனக்கு என்னைத் தெரியும்."