ஊறப் போட்ட கல்

கன்னியப்பனுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்கும் பத்து நடை நடந்துவிட்டான். அரியாங்குப்பத்திலிருந்து மச்சான் பஞ்சநாதன் இன்றைக்கு வருகிறான். கன்னியப்பன் கட்டிய புது வீடு மனசுக்குப் பிடித்தால்தான் தன் தங்கச்சி சொர்ணத்தை இங்கே விட்டுவிட்டுப் போவானாம்.

வைத்திக்குப்பத்துக் குடிசை பங்குனியில் எரிந்து சாம்பலானதிலிருந்து அவள் அண்ணன் வீட்டில்தான். அடுப்புத் தீயைப் பார்த்தாலே உடம்பு உதறுமாம். எட்டு மாதம்! கொத்தனார் பெண்டாட்டிக்குக் குடியிருக்க வீடில்லை என்று ஊரே சிரித்தது.

மணல் தரையில் கனத்த சுவர் இறங்கிவிடும் என்று, பிரான்சு போய்வந்த இஞ்சினியர் ஒருவர் புதுக் கல் வார்த்துக் கொடுத்தார். சிமெண்டு, சுண்ணாம்போடு அலுமினியத் தூளைக் கலந்தால் ஆப்ப மாவு மாதிரி பொங்கும். உள்ளே பாதி காற்றுதான். "ஊறப் போடாத. தண்ணி தெளிச்சாப் போதும்" என்று படித்துப் படித்துச் சொன்னார். "சரிங்க முசியே" என்று பிரெஞ்சு மரியாதையோடு தலையாட்டினான் இவன். வந்து என்ன செய்தான்? செங்கல்லை ஊறப் போட்டே இருபது வருஷம் பழகிய கை, தொட்டியில் போட்டான். கல் மிதந்தது. விடுவானா மகராசன்! மேலே பாறாங்கல்லை ஏற்றி அமுக்கி, இரண்டு நாள் தண்ணீர் குடிக்க வைத்துக் கட்டினான்.

அண்ணனும் தங்கையும் உள்ளே வந்து நின்ற நேரம், சுவரில் முறம் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து பொத்தென்று விழுந்தது.

"நல்லா இருக்குதுய்யா! தண்ணியில மெதக்குற கல்லுன்னு ஊரே பேசுது" என்றான் பஞ்சநாதன். "கல்லு மோசம்னு ஒத்துக்க மாப்ள. இடிச்சுட்டு செங்கல்லுல கட்டு. அப்புறம் அனுப்பறேன்."

பழியைக் கல்மேல் போட்டால் கொத்தனார் மானம் தப்பும். வாய்வரைக்கும் வந்தது. சொர்ணத்தின் முகத்தைப் பார்த்தான், முடியவில்லை.

"கல்லு மேல தப்பில்ல மச்சான். வேணான்னு சொல்லியும் நாந்தான் ஊறப் போட்டேன். ஈரம் காயறதுக்குள்ள பூசிட்டேன். இவ வரணும்னு அவசரம்."

பஞ்சநாதன் தலையில் அடித்துக்கொண்டான். சொர்ணமோ, ஊறப் போடாமல் மிஞ்சிக் கிடந்த காய்ந்த கல்லை வாசலுக்குத் தூக்கிப் போய், இரண்டு செங்கல் மேல் வைத்தாள். அடியில் தென்னம்பாளையைக் கொளுத்தினாள். கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பாளை எரிந்து தீரும்வரை எடுக்கவில்லை.

"சுடவே இல்ல" என்றாள். "அண்ணே, எம் பொட்டிய நாளைக்கு அனுப்பிடு."

"சுவரு உதுருதேடி!"

"உதுந்தா கூட்டிக்கறேன். எரிஞ்சா எதக் கூட்டறது?" கன்னியப்பன் பக்கம் திரும்பினாள். "தொடப்பம் எங்க?"

துடைப்பம் வாங்கவே மறந்திருந்தான். பக்கத்து வீட்டுக்கு ஓடினான்.