மண் சவாரிக்காரனின் மச்சம்

சீனத்தின் லோயாங் நகரில் பெரிய மனிதர் யாராவது செத்தால் ஊருக்கே திருவிழாதான். கல்லறைக்குள் அவரோடு வைக்கப்போகும் சுட்டமண் குதிரைகள், ஒட்டகங்கள், சவாரிக்காரர்கள் எல்லாவற்றையும் வண்டிகளில் அடுக்கி, வடக்கு வாசல் சாலையில் பார்வைக்கு நிறுத்துவார்கள். அழ வருகிறவர்களைவிட வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். எந்த வீட்டுக் குதிரை உயரம், எந்த வீட்டு ஒட்டகம் சோனி என்று ஊர்வாய்க்கு அன்று நல்ல தீனி.

தோ வீட்டுப் பெரியவரின் வண்டிகள் நின்ற அன்றோ, ஆலுவான் காலையிலிருந்தே ஒரு வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

அவள் குயவர் ஸூவின் மகள். உருவங்களின் உடம்பை அப்பா அச்சில் எடுப்பார். தலை மட்டும் அவள் கைவேலை. சூளையிலிருந்து வந்த பிறகு முகத்துக்கு வண்ணம் தீட்டிக் கழுத்தில் ஒட்டுவதும் அவள்தான். நேற்று விளக்கு வெளிச்சத்தில் ஒட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. இன்று வெயிலில் பார்த்தால், ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்திருப்பது சாட்சாத் வர்சக்.

வர்சக்கின் குடும்பம் மேற்கே பாலைவனத்துக்கு அப்பாலிருந்து வந்தது. தெற்குச் சந்தையில் ஒட்டகங்களை வாடகைக்கு விடுகிறான். "உங்க மண் ஒட்டகத்தப் பாத்தா என் ஒட்டகமே சிரிக்கும்" என்று கிண்டலடித்தவன், பார்த்துச் செய்யட்டும் என்று தன் ஒட்டகத்தையே பட்டறைக்கு ஓட்டிவந்து தினமும் நிறுத்தினான். ஆலுவான் ஒட்டகத்தைப் பார்த்த நேரம் ரொம்பக் குறைவு. அதனால்தான் ஒட்டகத்தின் தலை பழையபடியே வந்திருந்தது. ஆள் மட்டும் அச்சு அசலாக வந்துவிட்டான்.

உயிரோடு இருப்பவனின் முகத்தைக் கல்லறைக்கு அனுப்புவதாவது! செத்தவருக்கு எடுபிடியாக இப்போதே ஆளை அனுப்புகிற மாதிரி. தெரிந்தால் வர்சக் இனி பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். அவன் வராத நாள் அவளுக்கு ஒரு நாளே இல்லை என்பது அவனுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

கரி மையும் தூரிகையுமாக வண்டியை நெருங்கினாள். தாடியைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டால் போதும்.

"ஏய் பொண்ணே, கைய எடு!" செத்தவரின் மனைவி தோ அம்மாள், அழுகையை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். "அதத் தொடாதே. எங்க வீட்டுல வேலை செஞ்சவன் எல்லாம் தூங்குமூஞ்சி. அங்கயாவது அவருக்குக் களையா ஒருத்தன் இருக்கட்டும்."

"இல்லம்மா, தாடி கொஞ்சம்..."

"தாடி நல்லாத்தான் இருக்கு."

அதற்குள் எள்ரொட்டிக்காரன் ஃபூ கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தான். இவன் கண்ணுக்கு மட்டும் எதுவும் தப்பாது, பாவி.

"அட, நம்ம வர்சக்குடா இது! டேய் வர்சக், இங்க வா! உன்னக் குழிக்குள்ள இறக்கப் போறாங்க!"

கூட்டம் விலகியது. வர்சக் வந்து மண் முகத்தை முன்னாலிருந்து பார்த்தான். பக்கவாட்டில் பார்த்தான். சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்தான். ஆலுவானுக்கு அந்தக் குழிக்குள் தானே குதித்துவிடலாம் போலிருந்தது.

"நான் இல்ல" என்றான் சத்தமாக.

"என்னப்பா சொல்றே? அதே மூக்கு!" என்றான் ஃபூ.

"எங்காளுங்க எல்லாருக்கும் இதே மூக்குதான். இங்க பாரு, இவனுக்குக் காதுக்குப் பின்னாடி மச்சம் இருக்கு. எனக்கு ஏது மச்சம்? இது வேற எவனோ. பாவம், அந்தப் பொண்ண விடுங்க."

ஆலுவானுக்குக் கண் கலங்கியது. கோபப்பட வேண்டியவன் தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறான். ஆனால் ஃபூ விடுகிற ஆளா? எட்டி வர்சக்கின் தொப்பியைத் தூக்கினான்.

"இருக்குடா!"

சிரிப்பில் வண்டிமாடுகளே மிரண்டன. வர்சக்கின் கை காதுக்குப் பின்னால் போய்த் தடவியது. அப்புறம் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான்.

"எனக்கே தெரியாத மச்சம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ தொப்பியக் கழட்டிட்டுக் குனிஞ்சு ஒட்டகத்துக்குத் தீனி போடுவியே..." என்றாள் ஆலுவான்.

"அப்போ ஒட்டகத்தப் பாக்கவே இல்லையா நீ?" என்று வண்டி ஓரமாக நின்ற அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

வர்சக் கையை நீட்டினான். "தூரிகையக் குடு."

அழிக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்துக் கொடுத்தாள். அவன் தன் மண் முகத்தைத் தாண்டிப் போனான். அடுத்த வண்டியில், குதிரைமேல் ஒரு மண் சவாரிக்காரி உட்கார்ந்திருந்தாள். எப்போதும் செய்கிற, யார் சாயலும் இல்லாத முகம். அவளுடைய இடது புருவத்துக்கு மேல், முடி மறைக்கும் இடத்தில், பழக்கமில்லாத கையால் சின்னதாக ஒரு கோடு போட்டான்.

ஆலுவானின் விரல்கள் தன் நெற்றி முடிக்குப் போயின. சூளைக்கங்கு தெறித்த தழும்பு. அதை யாருமே பார்த்ததில்லை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"தனியா நான் போகமாட்டேன்" என்றான் வர்சக், காதுவரை சிவந்து.

"சீக்கிரம் பேசி முடிங்கப்பா, எம் புருஷன் காத்திருக்காரு" என்று தோ அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வண்டிகள் நகர்ந்தன. ஆலுவான் சந்தோஷத்தில் அழுதுகொண்டே பின்னால் ஓடினாள்.

"நிறுத்துங்க! கோடு கோணலா இருக்கு! காலம்பூரா அப்படியேவா இருப்பேன்?"